இல்லாத தூக்குவாளி

எங்கள் அம்மாவைப் போல ஒரு சண்டைக்காரி தாராவியிலேயே கிடையாது என்று பத்து வயது வரை நான் உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன். வீட்டில் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அப்பா தோல் பட்டறையிலிருந்து பொழுது சாய்ந்து வந்தாலும் சரி, தம்பி அரிசி டப்பாவுக்குள் சோப்பைப் போட்டு வைத்தாலும் சரி, "சரி, விடு" என்பதோடு முடிந்துவிடும். ஆனால் வாசலைத் தாண்டிவிட்டால் கதையே வேறு. கடைக்கு ஒரு நடை போய் வருவதற்குள் அம்மாவுக்குப் பேச்சுவார்த்தை இல்லாத பெண் ஒருத்தியாவது எதிரே வந்துவிடுவாள். எங்கள் கல்லி குறுகலான சந்து, இரண்டு பேர் உரசாமல் கடக்க முடியாது. தோளும் தோளும் இடித்துக்கொள்ள, ஒருத்தி சுவரைப் பார்த்துக்கொண்டும் மற்றவள் சாக்கடையைப் பார்த்துக்கொண்டும் போவார்கள். அப்போது அம்மா என் கையை ஓர் அழுத்து அழுத்துவாள். "நான் பாக்காதவங்கள நீயும் பாக்கக் கூடாது, கேட்டியா?" இதுதான் எனக்குப் போட்டிருந்த சட்டம்.

எத்தனை பேரோடுதான் ஒரு மனுஷி சண்டை போடுவாள்? எனக்கு அவமானமாக இருந்தது. அப்பாவிடம் ஒருமுறை கேட்டேன். "ஒங்கம்மா பாக்க வேலை அப்படி" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். சண்டை போடுவதற்குச் சம்பளம் கொடுக்கும் ஆபீஸ் ஒன்று இருக்கிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா வேலை பார்த்தது எச்.ஐ.வி. வந்த தாய்மார்களுக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் உதவுகிற ஒரு சின்ன அமைப்பில். பெரிய ஆஸ்பத்திரியில் அவர்களோடு வரிசையில் நிற்பது, மாத்திரை வாங்கிக் கொடுப்பது, நேரம் தவறாமல் விழுங்குகிறார்களா என்று விசாரிப்பது, அப்பன் செத்த பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுவது, ரேஷன் அட்டைக்கு அலைவது, இப்படி. காலையில் ஒரு ரெக்சின் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினால் சாயங்காலம் கால் வீங்கி வந்து வாசற்படியில் உட்காருவாள். அவள் வேலை பார்ப்பது என்ன ஆபீஸ் என்பது ஏரியாவுக்கே தெரியும். "சீக்கு மேடம்" என்று முதுகுக்குப் பின்னால் பெயர். அந்தச் சீக்கு மேடம் தெருவில் நின்று ஒருத்தியிடம் "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டால் போதும், சாயங்காலத்துக்குள் அந்த வீட்டுக் குடத்தைக் குழாயடியில் தள்ளி வைத்துவிடுவார்கள். அதனால் யாரிடம் உயிரையே வைத்திருந்தாளோ அவர்களைத்தான் அவள் தெருவில் பார்க்காமல் போனாள். இதெல்லாம் எனக்கு விளங்கியது எத்தனையோ வருஷம் கழித்து. அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: எங்கள் அம்மாவுக்கு ஊரெல்லாம் பகை.

இப்படி ஓடிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு மே மாத லீவு வந்தது. தம்பியைப் பக்கத்து வீட்டு மராத்தி மாவுஷியிடம் விட்டுவிட்டு, என்னை யாரும் வைத்துக்கொள்ளத் தயாராக இல்லாததால் (எனக்கு வாய் அப்போதே நீளம்) அம்மா தன்னோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். மாட்டுங்கா ஸ்டேஷன் மேம்பாலத்தில் போய் நின்றோம். சற்று நேரத்தில் இடுப்பில் பிள்ளையோடு ஒரு அக்கா வந்தாள். பார்த்தால், எங்கள் அடுத்த கல்லி இட்லி வீட்டு அக்கா! மாமியாரும் மருமகளுமாக இட்லி அவித்துத் தருவார்கள். கொழுந்தன் சைக்கிளில் கொண்டுபோய் விற்பான். அக்காவின் புருஷன் இவள் பிள்ளை பெறுவதற்கு முன்பே மஞ்சள் காமாலையில் செத்துப்போனான் என்று பேச்சு. அந்த அக்காவும் அம்மாவின் பகை வரிசையில் உள்ளவள்தான். ஆனால் பாலத்தில் அம்மா அவளைக் கண்டதும் பிள்ளையைப் பறித்துக் கொஞ்சினாள். ஆஸ்பத்திரி பெஞ்சில் இருவரும் ஒரே கிளாஸ் டீயை மாற்றி மாற்றிக் குடித்தார்கள். மருந்துச் சீட்டு எழுதுகிற டாக்டர் மூக்கால் பேசுவதை அம்மா பேசிக் காட்ட, அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குத் தலையைப் பிரித்து இரட்டைப் பின்னல் போட்டுவிட்டாள். தூக்கில் கொண்டுவந்திருந்த பொடி இட்லியில் நாலை நானே தின்றேன். அப்பாடா, ஒருத்தியோடாவது சமாதானம் ஆயிற்று என்று எனக்கு மனம் நிறைந்துபோனது.

மூன்றாம் நாள் அதே அக்கா கல்லியில் எதிரே வந்தாள். வந்தவள் சுவரைப் பார்த்தாள். அம்மா சாக்கடையைப் பார்த்தாள். என் கையில் அழுத்து விழுந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. மற்றவர்கள் எப்படியோ போகட்டும், இந்த அக்காவை விட்டுக்கொடுப்பதாக இல்லை. பெரியவர்களுக்குப் புத்தி இல்லாவிட்டால் சின்னவர்கள்தான் சேர்த்துவைக்க வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை அதற்கு வாய்த்தது.

எங்கள் கல்லிக்கும் அடுத்த கல்லிக்கும் ஒரே குழாய். ஞாயிறன்று ரெண்டு தெருப் பெண்களும் குடத்தோடு அங்கேதான் நிற்பார்கள். அக்கா குடத்தைக் குழாயில் வைத்துவிட்டு நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் அவளுடைய மாமியார். அந்த மாமியாரைப் பார்த்தால் எங்களுக்கெல்லாம் பயம். சிரித்து யாரும் பார்த்ததில்லை. மருமகள் மாவு அள்ளுவதில் ஒரு கரண்டி கூடினாலும் தெருவுக்கே கேட்கும். நான் நேரே போய் அக்காவின் சேலையைப் பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டேன்.

"அக்கா, அன்னைக்கி எங்கம்மாகிட்ட அவ்வளவு சிரிச்சுப் பேசுனீங்கல்லா? இப்ப ஏன் பேச மாட்டுக்கீங்க? ரெண்டு பேருக்கும் என்ன சண்டை, என்ன ஜக்டா?"

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது, அவள் எடுக்கவில்லை. எதிர்வீட்டுப் பெரியம்மை ஒருத்தி உண்டு, வெறும் வாயையே மெல்லுகிறவள். அவளுக்கு அவல் கிடைத்துவிட்டது.

"ஏட்டி, ஒங்கம்மாகிட்டயா? சீக்கு மேடத்துகிட்டயா? எங்க வச்சுட்டி பேசுனாவ?"

குழாயடியில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு ஒரே பெருமை. ஆஸ்பத்திரியில் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த ஒரு சொல் வந்திருந்தால் அந்த வீட்டு இட்லியை அன்றோடு நாய்கூடத் தொட்டிருக்காது. அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எந்தத் தெருவில் போய் நின்றிருப்பாளோ தெரியாது.

சொல் வெளியே வருவதற்குள் என் முதுகில் பளாரென்று ஓர் அடி விழுந்தது. அம்மா!

"எவகிட்டட்டி நான் சிரிச்சுப் பேசுனேன்? இவகிட்டயா?" என்று அம்மா போட்ட சத்தத்தில் தம்பி வீட்டுக்குள்ளிருந்து அழ ஆரம்பித்துவிட்டான். "மாட்டுங்கா மார்க்கெட்ல கண்டேன். எங்கட்டி என் தூக்குவாளின்னு கேட்டேன். கேட்டா, பல்ல இளிக்கா! வாங்கிட்டுப் போயி வருசம் ஒண்ணுக்கு மேலாச்சு. வாளியும் காணும், வாங்குனவளையும் காணும். இதுல ரோட்டுல பாத்தா சுவத்தப் பாத்துட்டுப் போறா, மகராசி!"

நான் அசந்துபோனேன். எங்கள் வீட்டில் தூக்குவாளியே கிடையாது. ஆனால் அம்மாவுக்கு இப்படிச் சண்டை போட வரும் என்பதை அன்றுதான் கண்ணால் கண்டேன். நான் நினைத்தது சரிதான் என்று ஆகிவிட்டது.

அக்கா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். குடத்தை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். "ஒன் ஓட்ட வாளிய வச்சு நான் மாளிகையா கட்டப் போறேன்? பிள்ளைய ஒழுங்கா வளக்கத் தெரியல, வாளியத் தேடிட்டு வந்துட்டா!" அம்மா ஒன்று சொல்ல, அவள் ஒன்பது சொன்னாள். அந்த வாயில்லாப் பூச்சியிடம் இவ்வளவு பேச்சு எங்கே இருந்ததோ! புருஷன் செத்ததிலிருந்து அடக்கிவைத்திருந்தது எல்லாம் அம்மா தலையில் வந்து இறங்கியது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டக் கொட்டத் திட்டினாள். ஆத்திரத்தில் அழுகிறாள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். கறிக்கடை பாய் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தமாஷா பார்க்க வந்துவிட்டார். ஆஸ்பத்திரியும் சீக்கும் யாருக்கும் ஞாபகத்தில் இல்லை.

பெரியம்மையைத் தவிர. அவள் மாமியாரின் பக்கம் திரும்பி, "என்ன மைனி, ஒங்க வீட்டுக்கு அவ வாளி எதுக்கு வந்துச்சு? ஒங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

அம்மாவுக்கு அங்கேதான் மூச்சு நின்றது என்று பின்னால் சொன்னாள். கதை கட்டும்போது அவள் மாமியாரை யோசிக்கவில்லை. இல்லாத வாளியை எவள் ஒப்புக்கொள்வாள்? 'எங்க வீட்டுக்கு எந்த வாளியும் வரலியே' என்று மாமியார் சொல்லிவிட்டால் எல்லாம் போயிற்று.

மாமியார் தன் குடத்தைக் கீழே வைத்துவிட்டு விறுவிறுவென்று முனையிலேயே இருந்த தன் வீட்டுக்குள் போனாள். உள்ளே பாத்திரங்கள் உருளுகிற சத்தம். திரும்பி வந்தபோது அவள் கையில் ஒரு எவர்சில்வர் தூக்குவாளி இருந்தது. அதை அம்மாவின் காலடியில் வீசியடித்தாள்.

"இந்தா, பொறுக்கிட்டுப் போ! அவ வாங்கல, நாந்தான் வாங்குனேன். மருமவ பிள்ளப்பெத்துக் கெடக்கும்போது கஞ்சி ஊத்த நாந்தான் வாங்குனேன். கேக்கதுன்னா எங்கிட்ட கேளு. எம் மருமவள களவாணின்னு சொல்ல நீ யாருட்டி? இனி எங்க வாசப்பக்கம் ஒன் நெழலு விழுந்துது, இட்லிப் பானத் தண்ணியத் தூக்கி மூஞ்சில ஊத்திருவேன். ஏளா, நீ உள்ள வா!"

அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். அம்மா குனிந்து வாளியை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, என் காதைத் திருகியபடி வீட்டுக்கு நடந்தாள்.

வீட்டுக்குள் வந்து வாளியைக் கீழே வைத்ததும்தான் நான் கவனித்தேன். மூடிக்குக் கீழே பெயர் வெட்டியிருந்தது. நம் வீடுகளில் பாத்திரம் வாங்கினால் கடையிலேயே பெயர் வெட்டிக்கொண்டுதானே வருவோம்! எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஓர் ஆண்பிள்ளையின் பெயர். "அம்மா, இது நம்ம வாளி இல்லம்மா. இதுல வேற யாரோ பேரு இருக்கு" என்றேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். அக்காவின் செத்துப்போன புருஷனின் பெயர் அது என்பது அம்மாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. என்னைத் திட்டவும் இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மாமியாருக்கு எப்படித் தெரிந்தது? தெரிந்தவள் அக்காவை வீட்டில் வைத்திருப்பாளா? நாலு சுவருக்குள் என்ன நடக்கிறதோ? போய்க் கேட்கவும் வழியில்லை. சண்டை போட்ட வாசலில் போய் நின்றால், சண்டை பொய் என்று ஆகிவிடும். குழாயடிக்குப் போகும்போதெல்லாம் அடுத்த கல்லியில் இட்லி ஆவி வருகிறதா என்று ஓரக்கண்ணால் பார்ப்பாள். ஆவி வந்தது. அக்கா தலை மட்டும் வெளியே தெரியவில்லை.

புதன்கிழமை அக்காவின் பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில் கடைசிப் பரிசோதனை. தாய்க்கு இருந்தது பிள்ளைக்கும் வந்திருக்கிறதா இல்லையா என்று ஒன்றரை வயதில் ரத்தம் எடுத்து முடிவாகச் சொல்லிவிடுவார்கள். அதற்காகத்தான் அக்கா ஒன்றரை வருஷமாக நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். என்னைத் தனியே விட்டால் தெருவில் இன்னும் எவளிடம் போய் என்ன கேட்பேனோ என்று அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு மேம்பாலத்துக்குப் போனாள். பையில் அந்த வாளி. சொன்ன நேரம் தாண்டி அரைமணி ஆயிற்று. இரண்டு ரயில் வந்து கூட்டம் இறங்கிப் போனது. அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு படியையே பார்த்தபடி நின்றாள்.

படியில் முதலில் தெரிந்தது மாமியாரின் தலை. நான் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டேன். இட்லிப் பானைத் தண்ணீரோடு வருகிறாள் என்றே நினைத்தேன். ஆனால் அவள் இடுப்பில் இருந்தது பிள்ளை. பின்னால் அக்கா வந்தாள், அழுது வீங்கிய முகத்தோடு.

அம்மா வாளியை எடுத்து நீட்டினாள். மாமியார் வாங்கவில்லை.

"எம் மவன் ஆஸ்பத்திரில கெடந்தப்ப இதுலதான் கஞ்சி கொண்டு போவேன்" என்றாள். "அவனுக்கு என்னன்னு எனக்கு அப்பமே தெரியும். இவகிட்டச் சொல்ல நாக்கு எழும்பல. எம் பிள்ள இவளுக்குச் செஞ்சதை எந்த வாயால சொல்ல? இவ மாவுப் பானைக்குப் பின்னால மாத்திரைய ஒளிச்சு வைக்கா. நான் அந்தப் பக்கமே போறதில்ல. மாமியா கண்டுட்டான்னு பயந்து ஒரு நேரம் முழுங்காம விட்டுட்டான்னா?"

அம்மா தூக்குவாளியை மறுபடி நீட்டினாள்.

"நீயே வச்சுக்கோ. திருப்பிக் கொண்டுபோனா நாளைக்கே கேப்பாளுவ" என்றாள் மாமியார். "சலோ, பஸ் வந்துரும்."

அன்று ரத்தம் எடுத்தபோது பிள்ளை போட்ட கூச்சல் இன்னும் காதில் இருக்கிறது. மத்தியானம் மூன்று மணிக்கு அக்காவை உள்ளே கூப்பிட்டார்கள். அம்மாவும் கூடப் போனாள். மாமியாரும் நானும் பெஞ்சில். அவள் பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு எசக்கியம்மனை விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவர்கள் வெளியே வந்தார்கள். அக்கா பிள்ளையை வாங்கி முகத்தோடு அழுத்திக்கொண்டாள். "பிள்ளைக்கு ஒண்ணுமில்ல அத்தே. ஒண்ணுமே இல்ல" என்று அம்மாதான் சொன்னாள். மாமியார் அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். வரிசையில் நின்ற யாரோ ஒரு பெண், யார் எவர் என்று தெரியாமலே தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்றுதானே சொன்னார்கள், அதற்கு எதற்கு அழுகை? பிறகு வெளியே நின்று எல்லோரும் வடாபாவ் தின்றோம். சிரிக்கவே தெரியாதவள் என்று நான் நினைத்திருந்த மாமியார், பிள்ளை மிளகாயைக் கடித்துவிட்டு முழித்ததைப் பார்த்து அப்படிச் சிரித்தாள்.

அந்தப் பிள்ளை இன்று என்னைவிட உயரமாக, பைக்கில் விக்ரோலிக்கு வேலைக்குப் போகிறான். அக்கா மாத்திரையை விடாமல் விழுங்கிக்கொண்டு, நாலு பேரை வேலைக்கு வைத்து இட்லி அவிக்கிறாள். இதை எழுதட்டுமா என்று அவளிடம் கேட்டேன். "பேரு போடாத. குழாயடில நான் போட்ட சத்தத்த மட்டும் விடாம எழுது" என்றாள்.

அன்று ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரும்போது எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். நான் வாயைத் திறந்ததால்தானே சண்டை வெளியே வந்தது? வெளியே வந்ததால்தானே சமாதானம் ஆயிற்று? ஆக எல்லாப் பெருமையும் எனக்குத்தான். தாராவிக்கு முந்தின ஸ்டாப்பிலேயே அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிட்டதும், அக்காவும் மாமியாரும் பிள்ளையும் பஸ்ஸிலேயே போனதும் எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் காலை குடத்தை எடுத்துக்கொண்டு அம்மாவோடு குழாயடிக்குப் போனேன். மாமியார் எதிரே வந்தாள். நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. அம்மாவை ஏற இறங்கப் பார்த்து முகத்தைச் சுளித்து, "சவம், விடிஞ்சதும் எதுக்க வருது பாரு!" என்று பெரியம்மைக்கும் கேட்கிறாற்போலச் சொல்லிவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு போய்விட்டாள்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. நேற்றுத்தானே ஒன்றாக உட்கார்ந்து தின்றோம்! அம்மாவை நிமிர்ந்து பார்த்தேன். அவள் முந்தானையால் வாயை மூடியிருந்தாள். மூடியும் மறையாமல் கண்ணெல்லாம் சிரிப்பு. என் கையை அழுத்தி, "பாத்தியாட்டி, என்ன அழகாத் திட்டுதா!" என்று காதோரமாகச் சொன்னாள். இத்தனை பேர் நடுவில் ஏச்சு வாங்கிவிட்டுச் சிரிக்கிறாளே, இப்படியும் ஒரு வெட்கங்கெட்டவளா என்று எனக்கு வந்த கோபத்தில், அன்று சாயங்காலம் வரை நான் அவளோடு பேசவில்லை.